செங்டுவில் மூன்று நாள்: பாண்டா, புத்தர், நாக்கு மரத்துப்போகும் ஹாட்பாட்

சீனாவுக்கு முதல்முறை போகிறவர்கள் பெய்ஜிங், ஷாங்காய், சியான் என்று ஊர் ஊராக ஓடிக் களைத்துப்போகிறார்கள். என் பேச்சைக் கேட்பதென்றால், சிச்சுவான் மாகாணத் தலைநகர் செங்டுவில் மூன்று நாள் தங்குங்கள்.

படி 1: கைப்பேசியைத் தயார் செய்யுங்கள்

புறப்படும் முன்பே பணம் செலுத்தும் செயலியான அலிபேயில் உங்கள் விசா அல்லது மாஸ்டர்கார்டு வங்கி அட்டையை இணைத்துவிடுங்கள். தள்ளுவண்டிக்காரர்கூட க்யூஆர் அட்டையைத்தான் நீட்டுவார். கூகுள் அங்கே வேலை செய்யாது. விடுதியின் முகவரியைச் சீன எழுத்தில் படமெடுத்து வைத்துக்கொள்ளுங்கள். டாக்சிக்காரரிடம் காட்ட உதவும்.

படி 2: விடியலில் பாண்டா

1987-இல் தொடங்கிய பாண்டா இனப்பெருக்க ஆய்வு மையத்துக்குப் பாஸ்போர்ட் விவரம் கொடுத்து முன்கூட்டியே டிக்கெட் எடுக்க வேண்டும். மூன்றாம் தட மெட்ரோவில் 'பாண்டா அவென்யூ' நிலையத்தில் இறங்கினால் பஸ் உண்டு. கதவு திறக்கும்போதே உள்ளே நுழைந்துவிடுங்கள். முதல்முறை நான் பதினொரு மணிக்குப் போய், தூங்கும் முதுகுகளை மட்டும் தரிசித்துத் திரும்பினேன். வெயில் ஏறினால் அவற்றை ஏசி அறைக்குள் அனுப்பிவிடுவார்கள்.

மறுநாள் விடியற்காலையில் போனேன். ஒரு பாண்டா திண்ணைத் தாத்தாவைப் போலச் சாய்ந்து உட்கார்ந்து, கரும்பு தின்பதுபோல மூங்கிலின் பட்டையைப் பல்லால் உரித்துக்கொண்டிருந்தது. அதன் முன்னங்காலைக் கவனியுங்கள்: மணிக்கட்டு எலும்பு ஒன்று நீண்டு கட்டைவிரலாக வேலை செய்கிறது. மூங்கிலை அவ்வளவு இறுகப் பிடிப்பது அதனால்தான். செம்பாண்டாக்களையும் பார்க்காமல் வராதீர்கள்.

படி 3: லெஷான் புத்தர்

செங்டுவிலிருந்து லெஷான் ஊருக்கு அதிவேக ரயிலில் ஏறக்குறைய ஒரு மணி நேரம். மூன்று ஆறுகள் கூடும் இடத்தில், படகுகளைக் கவிழ்த்த வெள்ளத்தை அடக்க வேண்டி, ஹைதோங் என்ற துறவி 713-இல் தொடங்கிய சிலை. 803-இல்தான் முடிந்தது. உயரம் 71 மீட்டர். தலைமுடிச் சுருள்களுக்குள் மழைநீர் வடிகால்களை ஒளித்துவைத்த சிற்பிகளுக்கு ஒரு கும்பிடு. முழு உருவமும் ஒரே பார்வையில் வேண்டுமானால் படகு. பாதத்தருகே நிற்க வேண்டுமானால் படிக்கட்டு. கூட்ட நாளில் படிக்கட்டு வரிசை நகரவே நகராது.

படி 4: ஹாட்பாட்

மேசையிலேயே கொதிக்கும் சாற்றில் காய்கறி, இறைச்சியை நாமே வேகவைத்துத் தின்பதுதான் ஹாட்பாட். இரண்டாகத் தடுத்த பாத்திரத்தைக் கேளுங்கள். ஒரு பக்கம் சிவப்பான மிளகாய்ச் சாறு, மறுபக்கம் காரமில்லாத சாறு. மிளகாயை நாம் சமாளித்துவிடுவோம். அதோடு மிதக்கும் 'ஹுவாஜியாவ்' என்ற சிச்சுவான் மிளகுதான் ஆள் பார்க்கும்; கடித்த நொடியில் உதடு மின்சாரம் தொட்டதுபோலத் துடித்து, பிறகு நாக்கு மரத்துவிடும். வெந்ததைப் பூண்டு போட்ட நல்லெண்ணெயில் தோய்த்துத் தின்றால் சூடும் காரமும் தணியும்.

சைவர்களுக்கு ஓர் எச்சரிக்கை: சிவப்புச் சாறு பெரும்பாலும் மாட்டுக்கொழுப்பில் செய்தது, காரமில்லாத சாற்றிலும் எலும்பு இருக்கலாம். 'வோ ச்சீ ஸூ' என்றால் 'நான் சைவம்'. அதைச் சொல்லிக் காளான் சாறு கேளுங்கள். மாப்போ டோஃபு என்ற காரமான சோயாக்கட்டிக் குழம்பிலும் கொத்துக்கறி உண்டு.

படி 5: மக்கள் பூங்காவில் தேநீர்

மூங்கில் நாற்காலியில் மூடிபோட்ட கோப்பையுடன் உட்காருங்கள். வெந்நீர் ஊற்றிக்கொண்டே இருப்பார்கள். இடுக்கியைக் 'கிணிங்' என்று ஒலிக்கவிட்டபடி ஒருவர் வந்தால், அவர் காது குடைபவர். தலையாட்டும் முன் விலையைக் கேட்டுவிடுங்கள்.