கூட்டுப் பண்ணை நிலத்தில் பங்கு: காசைக் கரைக்கும் தவறுகள்

பத்துப் பேர் சேர்ந்து ஐந்து ஏக்கர். ஆளுக்கு அரை ஏக்கர் கணக்கு, நடுவில் ஒரு பொதுக் கொட்டகை, ஒரு கிணறு, சனி ஞாயிறு குடும்பத்தோடு போய்வர ஓர் இடம். மதுராந்தகம், உத்திரமேரூர், செஞ்சி, தேன்கனிக்கோட்டை பக்கம் இப்படி நிலம் தேடி அலையும் நண்பர் குழுக்களுக்குக் குறைவே இல்லை. அவர்கள் செய்யும் தவறுகளும் மாறவில்லை. முப்பது வருட வில்லங்கச் சான்று (நிலத்தின் மேல் பதிவான பத்திரங்களின் பட்டியல்) போடுவது, மூலப்பத்திரத்தை அசலில் பார்ப்பது, விற்பவரின் அக்கா தங்கைகளிடமும் கையெழுத்து வாங்குவது எல்லாம் எந்த வக்கீலும் சொல்லிவிடுகிற விஷயம். வக்கீலிடம் போவதற்கு முன்பே, டீக்கடை பெஞ்சில் முடிவாகித் தொலைக்கும் விஷயங்கள்தான் இங்கே.

எல்லோர் பணம், ஒருவர் பெயர்

"எதுக்குப் பத்து பேர் பத்திர ஆபீஸ்ல போய் நிக்கணும்? இப்போதைக்கு நம்ம ஆள் ஒருத்தர் பேர்ல போட்டுடுவோம். அப்புறம் பிரிச்சுக்கலாம்."

ஒவ்வொரு புதுக் குழுவிலும் யாராவது ஒருவர் இதைச் சொல்கிறார். சொல்பவர் பெரும்பாலும் நல்லவர்தான், அதனால்தான் மற்றவர்கள் தலையாட்டுகிறார்கள். "செலவு மிச்சம்" என்று ஒரு காரணமும் கூடவே வரும். அந்தக் காரணம் சுத்தப் பொய். தமிழ்நாட்டில் கிரயப் பத்திரத்துக்கு முத்திரைத் தீர்வை 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம். இரண்டும் நிலத்தின் மதிப்பைப் பார்த்து வருபவை. வாங்குபவர் ஒருவரா பத்துப் பேரா என்று பார்ப்பதில்லை. 60 லட்சத்துக்கு நிலம் என்றால் 5 லட்சத்து 40 ஆயிரம். ஒரே பத்திரத்தில் பத்துப் பெயர் போட்டாலும் அதே 5,40,000தான், ஆளுக்கு 54,000.

செலவு மிச்சமாகவில்லை என்பதோடு போகாது, இரண்டாவது செலவும் காத்திருக்கிறது. நாலு வருடம் கழித்து நிலம் ஒரு கோடி மதிப்புக்கு வந்திருக்கும்போது மற்ற ஒன்பது பேருக்கும் எழுதிக் கொடுக்க வேண்டுமென்றால், அது புதுக் கிரயம். ஒன்பது பங்கின் மதிப்பு 90 லட்சம், அதற்கு 9 சதவீதம் 8,10,000. குடும்பத்துக்குள் எழுதும் பத்திரங்களுக்கு இருக்கும் சலுகைக் கட்டணம் நண்பர்களுக்குக் கிடையாது. சொந்த நிலத்தை வாங்குவதற்கு இரண்டாவது தடவை தீர்வை கட்டுகிறார்கள்.

இதுவாவது பணத்தோடு போகிறது. பெயரில் இருப்பவர் இறந்துவிட்டால்? உயில் எழுதாத இந்து ஆண் என்றால் மனைவி, மகன், மகள், தாயார் எல்லோரும் முதல் வகுப்பு வாரிசுகள். அடுத்து அந்தத் தாயாரும் தவறிவிட்டால் அவர் பாகத்துக்கு அவருடைய மற்ற பிள்ளைகள் வருவார்கள். பண்ணையை ஒருநாளும் எட்டிப் பார்க்காத மைத்துனர், கொழுந்தனார் கையெழுத்தெல்லாம் அப்போது தேவைப்படும். "எங்க அண்ணன் பேர்ல நிலம் இருக்கு, நீங்க யாரு?" என்று அவர்கள் கேட்டால் அதில் சட்டப்படி ஒரு தவறும் இல்லை. இறக்கவே வேண்டாம், அவர் வாங்கிய வியாபாரக் கடன் நின்றுபோனால் போதும். கடன் கொடுத்தவர் கோர்ட்டில் ஜப்தி கேட்கும்போது பத்திரத்தில் என்ன பெயர் இருக்கிறது என்றுதான் பார்ப்பார்.

"நாங்க எழுதி வெச்சிருக்கோமே" என்று 20 ரூபாய் முத்திரைத்தாளில் பத்துப் பேர் கையெழுத்திட்ட ஒப்பந்தத்தை எடுத்துக் காட்டுவார்கள். பதிவாகாத அந்தத் தாள் நிலத்தின் மேல் எந்த உரிமையையும் உருவாக்காது. இன்னும் மோசமான ஓர் இடம் இருக்கிறது. பணம் ஒருவருடையது, பெயர் வேறொருவருடையது என்றால் 1988ஆம் ஆண்டின் பினாமி தடைச் சட்டத்துக்குள் போய் விழுகிறீர்கள். அதன் 4ஆவது பிரிவின்படி, "பணம் என்னுடையது, நிலத்தை எனக்குக் கொடு" என்று பினாமி மேல் வழக்குப் போடவே முடியாது. 2016 திருத்தத்துக்குப் பிறகு ஒன்று முதல் ஏழு வருடம் வரை சிறை, சந்தை மதிப்பில் 25 சதவீதம் வரை அபராதம் என்றும் இருக்கிறது. அறங்காவலர், கணவன் மனைவி போன்ற உறவுகளுக்குச் சில விலக்குகள் உண்டு. நண்பர் குழு அதற்குள் அடங்கும் என்று நிரூபிக்கிற பாரம் உங்கள் தலையில். ஆக, உங்கள் கையில் இருக்கும் அந்த 20 ரூபாய்த் தாள் உங்களுக்கு எதிரான சாட்சியாகவே திரும்பலாம்.

கர்நாடகத்தில் 2020 வரை விவசாயி அல்லாதவர் விவசாய நிலம் வாங்கத் தடை இருந்தது. அங்கே இந்த வழியில் போனவர்களுக்கு ஒரு நெருக்கடியாவது இருந்தது. தமிழ்நாட்டில் அப்படி ஒரு தடையே கிடையாது. எந்தக் கட்டாயமும் இல்லாமல் போய் மாட்டிக்கொள்வதுதான் எரிச்சல்.

போதாததற்கு நில உச்சவரம்பும் இருக்கிறது, அதாவது ஒரு குடும்பம் வைத்திருக்கக்கூடிய அதிகபட்ச நிலம். ஐந்து பேர் வரை உள்ள குடும்பத்துக்கு 15 ஸ்டாண்டர்டு ஏக்கர் (நிலத்தின் தரத்தை வைத்துச் சட்டம் போடும் ஏக்கர் கணக்கு). புன்செய்யாக இருந்தால் நிலவரித் தீர்வையைப் பொறுத்து சாதா ஏக்கர் கூடுதலாக வரும், சரி. ஆனால் அந்த நண்பருக்கு ஊரில் பூர்வீக நிலம் இருந்தால் அதையும் சேர்த்துத்தான் கணக்குப் போடுவார்கள்.

செய்ய வேண்டியது இவ்வளவுதான்: ஒரே கிரயப் பத்திரம், எல்லோரும் வாங்குபவர்கள், ஒவ்வொருவர் பெயருக்கும் எதிரே "பொதுவில் 10ல் 1 பாகம்" என்று அளவு. அவரவர் பணம் அவரவர் வங்கிக் கணக்கிலிருந்து நேராக விற்பவருக்குப் போக வேண்டும், காசோலை எண்ணோ யு.டி.ஆர். (வங்கிப் பணப் பரிமாற்ற) எண்ணோ பத்திரத்தில் ஏற வேண்டும். வர முடியாதவர் தன் சார்பில் கையெழுத்திட இன்னொருவருக்குப் பதிவான பவர் கொடுத்து அனுப்பலாம். இருபது முப்பது பேர் என்றால் ஒரே பத்திரத்தில் சமாளிப்பது கஷ்டம். பிரைவேட் லிமிடெட் கம்பெனியோ 1975ஆம் வருடச் சட்டப்படி பதிவான சங்கமோ தொடங்கி அதன் பெயரில் வாங்குங்கள். அப்போது உங்கள் கையில் இருப்பது கம்பெனிப் பங்கு அல்லது உறுப்பினர் உரிமை. நிலத்தில் நேரடிப் பாத்தியதை கிடையாது. இதைப் பணம் கட்டும் முன்பே எல்லோருக்கும் உறைக்கும்படி சொல்லிவிட வேண்டும். அந்தக் கம்பெனிக்கும் உச்சவரம்பு பார்க்க வேண்டும்.

விலகுபவருக்கு வழி எழுதாமல் விடுவது

மூன்றாம் வருடம் ஒருவருக்கு மகள் கல்யாணம் வரும், அல்லது வேலை போகும். அவர் பங்கை விற்க வேண்டும். யாருக்கு, என்ன விலைக்கு? எதுவும் எழுதியிருக்காது. அவர் வெளியாள் ஒருவருக்கு விற்றால் அந்த வெளியாள் சட்டப்படி உங்கள் கூட்டுச் சொந்தக்காரர். அவரோ வேறு யாருமோ பாகப்பிரிவினை வழக்குப் போடலாம், அதற்கு மற்றவர்கள் சம்மதம் தேவையில்லை. நிலத்தைச் சரியாகப் பிரிக்க முடியாது என்று நீதிமன்றம் கருதி, பாதிப் பங்கோ அதற்கு மேலோ உள்ளவர்கள் கேட்டுக்கொண்டால், மொத்தத்தையும் ஏலம் விட்டுப் பணத்தைப் பங்கிட 1893ஆம் வருடப் பாகப்பிரிவினைச் சட்டம் இடம் கொடுக்கிறது. வைத்த மாமரத்துக்கு எட்டு வயதாகியிருக்கும், அதையெல்லாம் யாரும் பார்க்க மாட்டார்கள்.

சிலர் பயந்துபோய் "யாரும் விற்கவே கூடாது" என்று எழுதிவைக்கிறார்கள். சொத்துரிமை மாற்றுச் சட்டத்தின் 10ஆவது பிரிவுக்கு முன் அந்த மாதிரி முழுத் தடை நிற்காது. நிற்கிற மாதிரி எழுத வேண்டியது வேறு. விற்பவர் முதலில் குழுவுக்கு எழுத்தில் சொல்ல வேண்டும். குழுவுக்கு 60 நாள் அவகாசம். விலை எப்படி: கடைசி இரண்டு வருடத்தில் பக்கத்துச் சர்வே எண்களில் பதிவான கிரயங்களின் சராசரியா, அரசின் வழிகாட்டி மதிப்பில் இத்தனை மடங்கா, ஏதாவது ஒன்று. பணம் எத்தனைத் தவணை. குழு வாங்காவிட்டால் வெளியாளுக்கு விற்கலாம், ஆனால் அந்த ஆள் கிரயத்துக்கு முன் இதே ஒப்பந்தத்தில் கையெழுத்திட வேண்டும். மாதச் செலவு கட்டாதவரை என்ன செய்வது என்பதும் இதில்தான் வரும். ஆறு மாதம் பாக்கி வைத்தால் விளைச்சலில் பங்கு நிற்கும், பாக்கி அவர் பங்கின் விலையில் கழியும் என்பது போல. வாட்ஸ்அப் குரூப்பில் "ஓகே" போட்டதெல்லாம் கணக்கில் சேராது. பதிவு செய்யுங்கள்.

"இந்த மூலை என்னுது"

பத்திரத்தில் பொதுப் பாகம், தரையில் கல் நட்டு வேலி. இந்த இரண்டும் ஒன்று என்று நினைத்துக்கொண்டு சிலர் கிழக்கு மூலையில் வீடே கட்டிவிடுகிறார்கள்.

பட்டாவை எடுத்துப் பாருங்கள். பரப்பு என்ற கட்டத்தில் 2 - 2.50 என்று இருந்தால் 2 ஹெக்டேர் 2.50 ஏர். ஒரு ஏர் என்பது 2.47 சென்ட், ஆக மொத்தம் 5 ஏக்கர். பத்தில் ஒரு பாகம் 20.25 ஏர், அதாவது 50 சென்ட். ஆனால் அந்த 50 சென்ட் எந்தப் பக்கம் என்று பட்டாவும் சொல்லாது, புலப்படமும் (சர்வே வரைபடம்) சொல்லாது. நான்கெல்லை வேண்டுமென்றால் எல்லோரும் சேர்ந்து பாகப்பிரிவினைப் பத்திரம் பதிந்து, சர்வேயர் அளந்து, 112/3 என்பது 112/3ஏ, 3பி என்று உட்பிரிவாக வேண்டும். அதுவரை உங்கள் வேலி மற்ற ஒன்பது பேரின் பெருந்தன்மையில் நிற்கிறது.

புரமோட்டர் விற்கும் "பண்ணை மனை"யில் இது இன்னும் சிக்கல். அங்கீகாரம் இல்லாத மனையைப் பதியத் தடை இருப்பதால்தான் அவர் பொதுப் பாகமாக எழுதித் தருகிறார். அப்படிப்பட்ட மனைகளை முறைப்படுத்தும் அரசின் வரன்முறைத் திட்டமும் 2016 அக்டோபர் 20 வரை பதிவான மனைகளுக்குத்தான். கலர் பிரிண்ட் போட்ட வரைபடத்தில் உங்கள் மனை எண் 27 என்று இருப்பதால், ஊராட்சி அலுவலகத்தில் வீட்டுக்கு அனுமதி கிடைத்துவிடாது.

பாதை

வரப்பு பாதை ஆகாது. புலப்படத்தில் வண்டிப்பாதையோ, பத்திரத்தில் இத்தனை அடி அகலம் என்று நடைவண்டிப் பாத்தியதையோ இல்லாவிட்டால் அட்வான்ஸ் கொடுக்காதீர்கள்.

கிணறும் சர்வீஸும்

"கிணறு இருக்கு, ஃப்ரீ கரண்ட் இருக்கு" என்பதோடு விசாரணை முடிந்துவிடுகிறது. பத்திரத்தைப் பிரித்தால் "கிணற்றில் 4ல் 1 பாகமும், 5 எச்.பி. மோட்டாரில் 4ல் 1 பாகமும்" என்று இருக்கும். நாலு நாளைக்கு ஒரு நாள் முறைத் தண்ணீர். பத்துக் குடும்பத்துக்கு அது எந்த மூலைக்குக் காணும்?

மழை முடிந்த தை மாதத்தில் கிணற்றைப் பார்த்து மயங்க வேண்டாம். சித்திரை வைகாசியில் போங்கள். மோட்டாரை இரண்டு மணி நேரம் ஓடவிட்டு, அதற்குப் பிறகு 200 லிட்டர் டிரம் நிரம்ப எவ்வளவு நேரம் என்று பாருங்கள். இரண்டு நிமிடம் என்றால் மணிக்கு 6,000 லிட்டர். 25 அடி இடைவெளியில் ஏக்கருக்கு 70 தென்னை, கோடையில் சொட்டுநீரில் மரத்துக்கு 80 லிட்டர் வைத்தாலே நாளைக்கு 5,600 லிட்டர். ஐந்து ஏக்கருக்கு 28,000. அந்தக் கிணறு நாலே முக்கால் மணி நேரம் விடாமல் அப்படியே கொடுக்குமா என்று ஓட்டித்தான் பார்க்க வேண்டும்.

இலவச விவசாய இணைப்பு விவசாயத்துக்கு மட்டும்தான். அதிலிருந்து கொட்டகைக்கு ஒயர் இழுத்து ஃப்ரிட்ஜும் ஏசியும் ஓட்டினால் அது அனுமதியில்லாத பயன்பாடு, உரிய கட்டணத்தைப் போல இருமடங்கு போடுவார்கள். இணைப்பே சிக்கலில் மாட்டும். கொட்டகைக்குத் தனி மீட்டர் வாங்குங்கள். பதிவு முடிந்ததும் மின் சர்வீஸ் எண்ணையும் பெயர் மாற்றுங்கள், விற்றவர் பெயரில் பத்து வருடம் ஓடிக்கொண்டிருக்கும் சர்வீஸ்கள் ஏராளம்.

வில்லங்கத்தில் வராத வில்லங்கம்

பஞ்சமி நிலம் (தலித் மக்களுக்கு ஒதுக்கப்பட்டது), பூமிதான நிலம் (நிலமற்றவர்களுக்காகத் தானமாக வந்தது), கோயில் இனாம் (கோயிலுக்கு விடப்பட்டது). வில்லங்கச் சான்று பளிச்சென்று இருக்கும். கிராம நிர்வாக அலுவலகத்தில் பழைய 'அ' பதிவேட்டையும் (ஊர் நிலங்களின் பதிவேடு) செட்டில்மெண்ட் பதிவேட்டையும் பார்த்தால்தான் குட்டு வெளிப்படும். பஞ்சமி நிலம் என்றால் எத்தனை கை மாறியிருந்தாலும் வாங்காதீர்கள். யாருக்காக ஒதுக்கப்பட்டதோ அவர்களுக்குச் சேர வேண்டிய நிலம் அது.

பவர் ஏஜெண்ட்

விற்பவருக்குப் பதிலாகப் பவர் ஏஜெண்ட் கையெழுத்திடுகிறார் என்றால், பவர் கொடுத்தவர் உயிரோடு இருக்கிறாரா? நேரில் போய்ப் பாருங்கள்.

வெளிநாட்டு நண்பர்

என்.ஆர்.ஐ. (வெளிநாட்டில் வசிக்கும் இந்தியக் குடிமகன்), ஓ.சி.ஐ. (இந்திய வம்சாவளி அட்டை வைத்திருக்கும் வெளிநாட்டுக் குடிமகன்) இருவருமே இந்தியாவில் விவசாய நிலம், தோட்டம், பண்ணை வீடு வாங்க முடியாது. வாரிசாக வந்தால் வைத்துக்கொள்ளலாம். "சரி, அண்ணன் பேர்ல போடறேன்" என்றால் முதல் தலைப்பை மறுபடி படிக்கவும்.

பட்டா மாறும் முன் முழுப் பணம்

விற்பவருக்கு 112/3இல் ஏழரை ஏக்கர் இருந்து, உங்களுக்கு ஐந்து மட்டும் கொடுத்தால், கிரயத்துக்குப் பிறகு அவரும் நீங்களும் ஒரே கூட்டுப் பட்டாவில் இருப்பீர்கள். பயிர்க் கடனுக்கோ சொட்டுநீர் மானியத்துக்கோ போனால் அவருடைய ஒப்புதலும் வேண்டும். உட்பிரிவுக்கு அளக்க சர்வேயர் வரும் நாளில் அவர் ஊரில் இருக்க மாட்டார், இருந்தாலும் பணம் முழுதாகக் கைக்கு வந்துவிட்டதால் அவருக்கு அவசரம் இருக்காது. முடிந்தால் கிரயத்துக்கு முன்பே அளந்து உட்பிரிவு செய்து வாங்குங்கள். முடியாவிட்டால், அளக்கும்போது அவர் நேரில் வர வேண்டும் என்பதைக் கிரய ஒப்பந்தத்திலேயே எழுதி, ஒரு தொகையைத் தனிப் பட்டா வந்த பிறகு தருவதாகப் பேசிக்கொள்ளுங்கள். அந்த நிலுவையும் கிரயப் பத்திரத்தில் வர வேண்டும். வந்த பட்டாவில் பத்துப் பெயரும், தகப்பனார் பெயர்களும் எழுத்துப் பிழையில்லாமல் இருக்கின்றனவா என்று அன்றைக்கே சரிபாருங்கள்.