குரல் பிந்தியதால் மாற்றிய மென்பொருள்

கோலாலம்பூர் செந்தூல் அடுக்குமாடியில் எங்கள் பின்னறைதான் என் ஸ்டூடியோ. பழைய மடிக்கணினி, ஒரு மைக், மைக்கைக் கணினியோடு இணைக்கும் ஒரு ஆடியோ இன்டர்ஃபேஸ், அவ்வளவுதான். தைப்பூசத்துக்கு முன்னால் நண்பர்களின் உறுமி மேளத்தைப் பதிவு செய்து, அதன்மேல் அக்காவைப் பாட வைத்தேன். ஒவ்வொரு தடவையும் குரல் தாளத்துக்குப் பின்னால் விழுந்தது. "என் குரலே எனக்கு லேட்டா கேட்குதுடா, தம்பி" என்று அக்கா சொன்னபோதுதான் எங்கே தேட வேண்டும் என்று புரிந்தது.

கோளாறு பஃபரில், அதாவது கணினி ஒலியைக் கொஞ்சம் சேர்த்துவைத்து அனுப்பும் தற்காலிக இடத்தில் இருந்தது. கணினி ஒலியை விநாடிக்கு 44,100 சாம்பிளாக (சிறு அளவீடுகளாக) எடுக்கும்போது, 1024 சாம்பிள் பஃபர் என்றால் 23 மில்லிசெகண்ட் தாமதம். குரல் கணினிக்குள் போகும்போது ஒரு தடவை, பாடுகிறவர் காதுக்குத் திரும்பும்போது இன்னொரு தடவை. பாடுகிறவருக்கு அது பெரிய இடைவெளி. பஃபரை 128-க்கு இறக்கினால் ஒரு வழிக்கு 3 மில்லிசெகண்டுகூட ஆகாது. ஆனால் விண்டோஸில் அதற்குப் பொதுவாக ஏசியோ (ASIO) டிரைவர் வேண்டும்; மென்பொருளையும் இன்டர்ஃபேஸையும் குறைந்த தாமதத்தில் இணைக்கும் நிரல் அது. நான் வைத்திருந்த இலவச மென்பொருளில் அந்த வசதி இல்லை.

அதனால் ரீப்பர் (REAPER) என்ற ஒலிப்பதிவு மென்பொருளுக்கு மாறினேன். 60 நாள் முழு வசதியோடு சோதிக்க விடுகிறார்கள். மாதச் சந்தா கிடையாது. என் பழைய கணினியிலும் திணறாமல் ஓடுகிறது, எனக்கு அதுதான் முக்கியம்.

உறுமி போகப் போக வேகம் பிடிக்கும். அதை மெட்ரோனோமின் ஒரே சீரான தாளக் கட்டங்களுக்குள் அடைத்தால் உயிர் போய்விடும். அதனால் அந்தக் கட்டங்களை, அதாவது கிரிட்டை, அணைத்துவிட்டேன். அப்புறம் மிக்ஸிங் செய்யும்போது பஃபரை மறுபடி 1024-க்கு ஏற்றிக்கொள்கிறேன், ஒலியை மெருகேற்றும் துணை நிரல்களான பிளக்இன்கள் விக்காமல் ஓட.

மின்விசிறியை நிறுத்திவிட்டுப் பதிவு செய்தோம். இரண்டாவது டேக்கிலேயே அக்கா பாடி முடித்துவிட்டார்.