கலிபோர்னியாவில் வீடு வாங்குகிறீர்களா? ஸ்கூல் பாண்ட் கணக்கைப் போட்டுவிட்டு வாங்குங்கள்

நல்ல ஸ்கூலைப் பார்த்துத்தான் நம்மவர்கள் ஃபிரிமான்ட், குபர்டினோ, சான் ரமோன் என்று வீடு தேடி அலைகிறார்கள். அந்த ஸ்கூலின் கூரைக்கும் ஏசிக்கும் சுற்றுவேலிக்கும் பணம் எங்கிருந்து வருகிறது என்று விசாரிப்பவர்கள் குறைவு. ஊரில் சொத்து வரியோடு கல்வி வரியும் சேர்ந்து போய்விடும், கட்டடம் அரசின் பாடு. இங்கே ஒரு பகுதியின் அரசுப் பள்ளிகளை நடத்தும் ஸ்கூல் டிஸ்ட்ரிக்ட், கட்டடத்துக்காகக் கடன் வாங்க மக்களிடம் ஓட்டுக் கேட்கிறது. அந்தக் கடன்தான் ஸ்கூல் பாண்ட். ஜெயித்தால் அந்தக் கடனை வருஷக்கணக்கில் அடைப்பது அந்த எல்லைக்குள் சொத்து வைத்திருப்பவர்கள்.

சட்டம் இவ்வளவுதான்: 2000-ல் மாநில மக்கள் ஓட்டுப் போட்டு நிறைவேற்றிய ப்ராப்பசிஷன் 39-இன் கீழ், பாண்ட் ஜெயிக்க 55 சதவீத ஓட்டு போதும். சம்பளத்துக்கு இந்தப் பணத்தைத் தொடக்கூடாது. வேலைகளின் பட்டியல், வருடாந்திரத் தணிக்கை, மக்கள் கண்காணிப்புக் குழு மூன்றும் கட்டாயம். ஓட்டு சிட்டிசன்களுக்கு மட்டும். விசாவிலோ கிரீன் கார்டிலோ இருப்பவர்கள் டிரைவிங் லைசென்ஸ் தரும் டிஎம்வி அலுவலகத்தின் படிவத்தில் வாக்காளர் பதிவுக் கேள்விக்குத் தவறிக்கூட 'ஆம்' போட்டுவிடாதீர்கள், பின்னால் குடியுரிமை கேட்கும்போது அது பெரிய வினையாக வந்து நிற்கும்.

இனி, எல்லோரும் மாட்டிக்கொள்ளும் இடம். வாக்குச்சீட்டில் "லட்சம் டாலர் அசெஸ்டு வேல்யூவுக்கு இவ்வளவு" என்று இருக்கும். யூனிஃபைடு டிஸ்ட்ரிக்ட் (தொடக்கப் பள்ளி முதல் ஹை ஸ்கூல் வரை ஒன்றாக நடத்துவது) என்றால் லட்சத்துக்கு 60 டாலர் வரை போகலாம். 60 டாலர்தானே என்று தோன்றும். அசெஸ்டு வேல்யூ என்பது வரிக்காகக் கவுண்ட்டி குறித்துவைக்கும் மதிப்பு, சந்தை விலை அல்ல. 1978-இன் ப்ராப்பசிஷன் 13 படி, வாங்கிய விலையிலிருந்து வருஷத்துக்கு அதிகபட்சம் 2 சதவீதம்தான் அது ஏறும். பக்கத்து வீட்டுக்காரர் 40 வருஷத்துக்கு முன் ஒன்றரை லட்சத்துக்கு வாங்கியிருந்தால் இன்று அவர் கணக்கில் சுமார் 3.3 லட்சம், பாண்டுக்கு அவர் கட்டுவது 200 டாலர் சுற்று. அதே தெருவில் 15 லட்சத்துக்கு வாங்கிய நீங்கள் கட்டுவது 900. இதற்கு மேல், 60 என்பது ஒரு தேர்தலில் வரும் பாண்டுக்கு மட்டுமான வரம்பு. 2012, 2016, 2020 என்று மூன்று பாண்ட் ஜெயித்திருந்தால் மூன்றின் ரேட்டும் பில்லில் சேரும். கம்யூனிட்டி காலேஜ் பாண்ட் வேறு. "ஒரு சதவீதம்தான் டாக்ஸ்" என்று சொல்லக் கேட்டு வந்தவர்கள் 1.2 சதவீதத்தைப் பார்த்து முழிப்பது இதனால்தான்.

வீட்டு விளம்பரத்தில் காட்டும் டாக்ஸ் விற்பவருடையது, அதை நம்பி பட்ஜெட் போடாதீர்கள். கவுண்ட்டி டாக்ஸ் கலெக்டர் தளத்தில் அந்த முகவரியின் பில்லைத் திறந்து, மொத்தத் தொகையை விட்டுவிட்டு, ரேட் என்ற பத்தியைக் கூட்டி உங்கள் விலையால் பெருக்குங்கள். கீழே நிலையான தொகையாக இருக்கும் பார்சல் டாக்ஸ் (மனைக்கு இவ்வளவு என்று போடும் வரி), புதுக் குடியிருப்பென்றால் மெல்லோ ரூஸ் (அங்கே சாலை, பள்ளி போன்ற வசதிகளுக்கான தனி வரி), இரண்டையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

வாங்கிய சில மாதத்தில் சப்ளிமென்டல் பில் வரும். அதாவது பழைய மதிப்புக்கும் உங்கள் விலைக்கும் உள்ள வித்தியாசத்துக்கான வரி, பாண்ட் ரேட்டும் சேர்த்து. மேலே சொன்ன பக்கத்து வீட்டையே 15 லட்சத்துக்கு நீங்கள் செப்டம்பரில் வாங்கினால் வித்தியாசம் 11.7 லட்சம், 1.2 சதவீதத்தில், ஜூன் வரையான 9 மாதத்துக்கு ஏறத்தாழ 10,500 டாலர். இம்பவுண்ட் அக்கவுண்ட் (வீட்டுக்கடன் தவணையோடு வரிப்பணத்தையும் பேங்க் வாங்கிவைக்கும் கணக்கு) வைத்திருப்பதால் பேங்க் கட்டிவிடும் என்று உட்கார்ந்திருக்காதீர்கள். இந்த பில் உங்கள் பெயருக்கே வரும், பெரும்பாலும் பேங்க் கட்டாது. தவணை தவறினால் 10 சதவீத அபராதம். சாதாரணத் தபால் உறையில் வருவதால் விளம்பரக் காகிதங்களோடு குப்பைக்குப் போய்விடுகிறது. அந்தப் பணத்தை வீடு வாங்கி முடிக்கும் அன்றே தனியாக எடுத்து வையுங்கள்.

புது பாண்ட் ஓட்டுக்கு வந்தால் வாக்காளர் கையேட்டில் டாக்ஸ் ரேட் ஸ்டேட்மென்ட்டைத் தேடுங்கள். சராசரி ரேட், உச்ச ரேட், வட்டியோடு மொத்தம் அடைக்க வேண்டிய தொகை மூன்றும் அதில் இருக்கும். அவை மதிப்பீடுதான், டிஸ்ட்ரிக்ட்டில் சொத்து மதிப்பு சரிந்தால் ரேட் ஏறும். "வரி ஏறாது" என்று விளம்பரம் வந்தால், பழைய பாண்ட் முடிந்து இறங்கவேண்டிய வரி இறங்காது என்று படியுங்கள். சான் டியாகோ பக்கம் போவே டிஸ்ட்ரிக்ட் 2011-ல் வரியை ஏற்றாமல் சுமார் 10.5 கோடி டாலர் கடன் வாங்கியது. தவணையைத் தள்ளிப்போட்டதில் அடைக்க வேண்டியது 100 கோடியை நெருங்கியது. அதன்பிறகே, 2013-ல், அசலைப்போல் நாலு மடங்குக்கு மேல் திருப்பிக் கட்டக்கூடாது என்று சட்டம் வந்தது.

இதற்காக எல்லா பாண்டையும் எதிர்க்க வேண்டியதில்லை. 1933 லாங் பீச் பூகம்பத்தில் பள்ளிகள் இடிந்து விழுந்தபின் வந்த ஃபீல்டு சட்டத்தால், இங்கே பள்ளிக் கட்டட வரைபடத்தை மாநிலக் கட்டடக்கலைப் பிரிவு ஒப்புக்கொண்ட பிறகே வேலை தொடங்க முடியும். அந்தக் கண்டிப்பு நம் பிள்ளைகளுக்கு வேண்டியதுதான், அதற்குச் செலவும் ஆகும். ஆனால் பட்டியலில் பெயர் இருப்பதாலேயே உங்கள் ஸ்கூலில் வேலை நடந்துவிடாது. விலை ஏறினால் கடைசியில் இருப்பவை கழன்றுவிடும். டிஸ்ட்ரிக்ட்டை நிர்வகிக்கும் ஸ்கூல் போர்டின் வழக்கமான கூட்ட அஜெண்டா 72 மணி நேரம் முன்னதாக ஒட்டப்படும், ஓட்டில்லாதவர்களும் போய்ப் பேசலாம். நம் ஸ்கூல் எத்தனையாவது கட்டத்தில் இருக்கிறது, வரைபடம் மாநிலத்துக்குப் போய்விட்டதா, இதுவரை எவ்வளவு பாண்ட் விற்றிருக்கிறார்கள் என்று பெயர் சொல்லிக் கேளுங்கள்.