மேலே அணை இருந்தாலும் கீழே வெள்ளம் வரும்

அணைக்குக் கீழே குடியிருப்பவர்கள் செய்யும் தவறுகளில் பெரியது, அணை வெள்ளத்தைத் தடுத்துவிடும் என்று நம்பி இருந்துவிடுவது. அணை தண்ணீரை வாங்கி வைத்துக்கொண்டு, கொஞ்சம் கொஞ்சமாக விடும். அதுவும் வாங்கி வைக்க இடம் இருக்கும் வரைதான். ஒரு டிஎம்சி என்பது 100 கோடி கன அடி. நொடிக்கு 1 லட்சம் கன அடி நீர்வரத்து இருந்தால், ஒரு டிஎம்சி காலியிடம் 10,000 நொடியில் நிரம்பிவிடும். மூன்று மணி நேரம்கூட ஆகாது.

அந்தக் காலியிடமும் பல சமயம் இருப்பதில்லை. பாசனம், குடிநீர், மின்சாரம் மூன்றுக்கும் அணை நிறைந்திருக்க வேண்டும். வெள்ளத்தைத் தாங்க அது காலியாக இருக்க வேண்டும். ஒரே அணையிடம் இரண்டையும் கேட்கிறோம். போதாததற்கு, அடியில் சேரும் வண்டல் வருடா வருடம் கொள்ளளவைத் தின்கிறது.

அடுத்த தவறு, மதகைத் திறந்தாலே குற்றம் என்று பேசுவது. திறக்காமல் விட்டால் தண்ணீர் அணையின் மேலேயே வழியும். மண் அணை என்றால் வழிந்த இடம் அரித்து, அணையே உடையும். 1975 ஆகஸ்டில் சீனாவின் ஹெனான் மாகாணத்தில் பான்ச்சியாவ் என்ற மண் அணை, தண்ணீர் மேலே வழிந்துதான் உடைந்தது. அதற்காக, திறந்தவர்களைக் கேள்வியே கேட்கக் கூடாது என்று சொல்லவில்லை. எப்போது திறக்க ஆரம்பித்தார்கள், மழை முன்னறிவிப்பு வந்தபோதே கொஞ்சம் கொஞ்சமாக விட்டார்களா, கரையோர மக்களுக்கு எத்தனை மணி நேரம் முன்பு சொன்னார்கள்? இவற்றைத்தான் விடாமல் கேட்க வேண்டும் என்பது என் எண்ணம்.

அணையின் நீர்மட்டத்தை மட்டும் பார்த்துக்கொண்டிருப்பதும் ஆபத்துதான். அணைக்குக் கீழே வந்து சேரும் கிளையாறுகளுக்கு மதகு கிடையாது. ஆஸ்திரேலியாவின் பிரிஸ்பேன் நகரம் 1974-இல் மூழ்கிய பிறகுதான் வைவன்ஹோ அணை கட்டப்பட்டது. இனி பயமில்லை என்று பலர் நம்பினார்கள். 2011 ஜனவரியில், அணையிலிருந்து திறந்த நீரும் அதற்குக் கீழே கலக்கும் லாக்யர், பிரெமர் ஆறுகளின் நீரும் சேர்ந்து நகருக்குள் புகுந்தன.

சரி, எச்சரிக்கை வந்தால் என்ன செய்வது? "இத்தனை ஆயிரம் கன அடி திறப்பு" என்ற செய்தி, உங்கள் வாசலுக்குத் தண்ணீர் வருமா என்று சொல்லாது. அதனால் மழைக்காலத்துக்கு முன்பே இரண்டு விஷயங்களை விசாரித்து வைத்துக்கொள்ளுங்கள்: அணை நீர் உங்கள் இடத்துக்கு வர எத்தனை மணி நேரம் ஆகும், பழைய வெள்ளம் எந்த உயரம் வரை வந்தது. அப்புறம், மேட்டுக்குப் போகும் வழியை ஒருமுறை நடந்தே பாருங்கள். பாலத்தைக் கடந்துதான் போக வேண்டும் என்றால் அது வழியே இல்லை. வேறு வழி தேடுங்கள்.

போன தடவை சொன்னார்கள், ஒன்றும் ஆகவில்லையே என்று வீட்டிலேயே தங்குவது உயிரைப் பறிக்கும் தவறு. 2017 பிப்ரவரியில் அமெரிக்காவின் ஓரோவில் அணையில் உபரிநீர்ப் பாதை சேதமடைந்தபோது, ஏறக்குறைய 1,88,000 பேரை வெளியேறச் சொன்னார்கள். அணை உடையவில்லை, இரண்டு நாளில் வீடு திரும்பலாம் என்று அறிவித்தார்கள். அதை நான் வீண் அலைச்சல் என்று சொல்லவே மாட்டேன். ராத்திரி தண்ணீர் ஏறும் என்று தெரிந்தால், பொழுது இருக்கும்போதே கிளம்புங்கள். முதியவர்கள், குழந்தைகள், மருந்து, ஆவணங்கள் முதலில். கால்நடைகளையும் கட்டிவைத்துவிட்டுப் போகாதீர்கள்.

ஆற்றைப் பார்க்கப் பாலத்தில் போய் நிற்க வேண்டாம். வேகமாக ஓடும் 15 செ.மீ. தண்ணீரே பெரியவர்களைக்கூடக் கீழே தள்ளிவிடும். 30 செ.மீ. இருந்தால் சிறிய கார் மிதக்க ஆரம்பிக்கும். தரைக்குக் கீழே நிறுத்திய வண்டியை எடுக்க இறங்குவதும் வேண்டாம்.

மழை நின்றதும் வீடு திரும்பும் அவசரமும் அப்படியே. வானம் வெளுத்த பிறகும் மேலே மலைகளிலிருந்து அணைக்கு நீர் வந்துகொண்டிருக்கும், திறப்பும் தொடரும். திறப்பு குறைந்து, திரும்பலாம் என்று அறிவித்த பிறகு போங்கள். போனதும் நனைந்த சுவிட்சைத் தொடாதீர்கள். மின்சாரம் துண்டிக்கப்பட்டிருக்கிறதா என்று உறுதி செய்துகொண்டு உள்ளே கால் வையுங்கள்.