பிரிட்ஜ் குடித்த பேட்டரி

ஆஸ்திரேலியாவின் ஃபிளிண்டர்ஸ் மலைத்தொடரில் இரண்டாம் நாள் காலை. சாவியைத் திருப்பினேன், டக்கென்று ஒரு சத்தம், அவ்வளவுதான். மீட்டரில் 11.6 வோல்ட். வண்டிக்குள் இரவெல்லாம் ஓடிய முகாம் பிரிட்ஜ் வண்டியின் பேட்டரியை உறிஞ்சிவிட்டிருந்தது. பால் நன்றாகக் குளிர்ந்திருந்தது, வண்டிதான் செத்துக் கிடந்தது.

சாதாரண ஸ்டார்ட்டர் பேட்டரியின் தகடுகள் மெல்லியவை. சில நொடிகள் பெரும் மின்னோட்டம் தரவே செய்யப்பட்டவை. அடிக்கடி அடிவரை வடித்தால் சீக்கிரம் கெடும். பிரிட்ஜுக்கென்று இரண்டாவது பேட்டரி வைக்க பானட்டுக்குள் இடமில்லை. எனவே எஞ்சினைக் கிளப்புவது, பிரிட்ஜை ஓட்டுவது என்ற இரு வேலைக்கும் ஏற்ற ஏ.ஜி.எம். பேட்டரி (அமிலத்தைக் கண்ணாடி இழைப் பாயில் உறிஞ்சி வைத்திருப்பது) ஒன்றைத் தேடினேன். கடைக்காரர் ஆம்பியர்-மணியையே, அதாவது பேட்டரியின் கொள்ளளவையே, பாடிக்கொண்டிருந்தார். குளிரில் எஞ்சினைக் கிளப்பும் ஆம்பியர் எவ்வளவு என்று கேட்டேன்; டீசல் வண்டிக்கு அது குறையக் கூடாது. ஓடும்போது பேட்டரியை ஏற்றும் ஆல்டர்னேட்டர், இந்த வகைக்குத் தேவையான 14.4 வோல்ட் தருகிறதா என்றும் அளந்துகொண்டேன்.

பேட்டரி வோல்ட் இறங்கினால் பிரிட்ஜைத் தானே நிறுத்தும் பேட்டரிக் காப்பை, சீக்கிரமே நிறுத்தும் உயர் நிலைக்கு மாற்றியது காசில்லாத வேலை. அதை முதல் நாளே செய்திருக்கலாம்.