"பனி ஒத்துக்கல தம்பி": மருந்தின் பக்கவிளைவை அறிவிப்பதில் பாமசிக்காரர்கள் விடும் தவறுகள்

போன மழைக்காலத்தில் கொழுந்தெடுக்கும் ஓர் அக்கா மூன்றாவது தடவையாக இருமல் பாணி வாங்க வந்தார். சளி இல்லை, வறட்டு இருமல், இரவில் படுத்தால் கூடுகிறது. "பனி ஒத்துக்கல தம்பி" என்றார். முதல் இரண்டு தடவையும் நானும் அப்படியே நினைத்துப் பாணியைக் கொடுத்து அனுப்பியிருந்தேன். அன்றைக்குத்தான் கிளினிக் கொப்பியைக் கேட்டு வாங்கிப் பார்த்தேன். பிரஷருக்கு எனலாப்ரில், தொடங்கி இரண்டு மாதம். அந்த வகைக் குளிசைகளுக்கு வறட்டு இருமல் எல்லாரும் படித்த பக்கவிளைவு. குளிசையை நீங்களாக நிறுத்தாதீர்கள் என்று சொல்லி, ஒரு துண்டில் விஷயத்தை எழுதி டாக்டரிடம் காட்டச் சொன்னேன். அவர் வேறு வகைப் பிரஷர் குளிசையான லோசாட்டனுக்கு மாற்றினார், சில வாரத்தில் இருமல் நின்றுவிட்டது.

மலையகத்தில் நாம் விடும் முதல் தவறு இதுதான். இருமினால் பனி, தோல் அரித்தால் தேயிலைக்கு அடிக்கிற மருந்து, தலை சுற்றினால் வெறும் வயிற்றில் மலை ஏறியது என்று காரணம் கையிலேயே இருக்கிறது. அது சரியாகவும் இருக்கலாம். ஆனால் "புதுசா என்ன மருந்து தொடங்கினீங்க, எப்ப?" என்று கேட்காமல் அந்தக் காரணத்தை ஏற்கக்கூடாது.

அடுத்தது, உறுதியாகத் தெரிந்த பிறகு அறிவிக்கலாம் என்று காத்திருப்பது. மருந்துதான் காரணம் என்று நிரூபிப்பது நம் வேலை இல்லை, சந்தேகமே போதும். யாருக்கு, எந்த மருந்தால், என்ன நடந்தது, அறிவிப்பவர் யார் என்ற நான்கும் இருந்தால் அறிக்கை ஆகிவிடும். நோயாளியின் முழுப்பெயர்கூடத் தேவையில்லை, முதலெழுத்தும் வயதும் போதும். 2015ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கச் சட்டத்தால் உருவான தேசிய ஔடதங்கள் ஒழுங்குபடுத்தல் அதிகாரசபைதான் நாட்டில் மருந்துகளைக் கண்காணிக்கிறது, அறிக்கையும் அதற்குத்தான். சுவீடனின் உப்சாலாவில் உலக சுகாதார நிறுவனத்தின் திட்டத்துக்காகப் பல நாட்டு அறிக்கைகளையும் சேர்த்துப் பார்க்கும் நிலையம் ஒன்று இருக்கிறது. உங்களுக்கு ஒரே ஒரு ஆளாகத் தெரிவது, அங்கே ஒன்றோடொன்று சேரும்போதுதான் ஒரு விஷயமாகத் தெரியவரும்.

"டாக்டர் பார்த்துக்கொள்வார்", "நம்ம கடைக்குத்தான் பிரச்சினை வரும்" என்று ஒதுங்குவதும் நடக்கிறது. அறிக்கை என்பது யார் மேலும் முறைப்பாடு இல்லை. டவுனுக்கு வர பஸ் காசு பார்க்கிற சனம், கிளினிக் தவணைக்கு முன்னால் நம்மிடம்தான் வந்து நிற்கும், அதனால் முதலில் கண்ணில் படுவதும் நமக்குத்தான்.

இன்னொன்று, பழைய மருந்து என்று அலட்சியப்படுத்துவது. கோட்ரைமோக்சசோல், கார்பமசெபின், அலோபியூரினோல் எல்லாம் பழசுதான், ஆனாலும் காய்ச்சலோடு உதட்டில் புண், கண் சிவப்பு, தோல் கொப்பளித்து உரிவது என்று வந்தால் அது உயிராபத்து. அப்படி வந்தவரை அந்த மருந்தைப் போடவிடாமல் நேரே ஆஸ்பத்திரிக்கு அனுப்புங்கள், அப்புறம் படிவத்தை எழுதுங்கள். ஆஸ்பத்திரியில் மறிக்கும் அளவுக்கு, நிரந்தரப் பாதிப்பு வரும் அளவுக்கு எது நடந்தாலும், தெரிந்த பக்கவிளைவு என்று விடக்கூடாது. நாட்டு மருந்து, கசாயம் குடித்ததையும் கேட்டு எழுதுங்கள். நாம் கேட்காவிட்டால் அதை யாரும் சொல்லமாட்டார்கள்.

எனக்கு மனம் பொறுக்காத தவறு, பெட்ச் நம்பரை, அதாவது மருந்து எந்தத் தயாரிப்புத் தொகுதியைச் சேர்ந்தது என்று காட்டும் இலக்கத்தை, அறிக்கையில் எழுதாமல் விடுவது. 2023இல் நுவரெலியாவில் கண்புரை அறுவைசிகிச்சை செய்துகொண்டவர்கள் சிலருக்கு, பின்னர் விட்ட பிரெட்னிசொலோன் சொட்டு மருந்தோடு தொடர்புபட்டுப் பார்வை பாதிக்கப்பட்டது. நம்முடைய மாவட்டத்தில் நடந்தது இது. இந்த மாதிரி நேரத்தில் மருந்தின் பெயர் மட்டும் எழுதினால் எந்தத் தொகுதியைத் தடுப்பது?

அட்டையில் பத்து குளிசை இருக்கும், நாம் நான்கை வெட்டிக் கொடுப்போம், நம்பர் அச்சிட்ட ஓரம் பெரும்பாலும் ஒரே பக்கத்தோடு போய்விடும், பேப்பர் உறையில் பெயரும் இருக்காது. நான் இப்போது நம்பர் இல்லாத பக்கத்திலிருந்து வெட்டுகிறேன், உறையில் மருந்தின் பெயரையும் பெட்ச் நம்பரையும் பேனாவால் எழுதுகிறேன். ஒரு உறைக்கு அரை நிமிடம்கூட ஆவதில்லை.