குட்டிப் பசங்களுக்கு டார்ச் லைட் வாங்கப் போறீங்களா?

கரண்ட் போனா எங்க வீட்ல மொதல்ல டார்ச்சைத் தூக்குறது பெரியவங்க இல்ல, நாலு வயசு வாண்டுதான், அதனால அவனுக்குன்னே ஒண்ணு வாங்கினேன். கடையில கலரைப் பாக்காதீங்க, மொதல்ல பேட்டரி மூடியைத் திருப்பிப் பாருங்க. ஸ்க்ரூ போட்டு மூடியிருக்கணும், நகத்தால நெம்பினா தொறக்குதுன்னா அங்கேயே வெச்சிட்டு வந்துடுங்க. பட்டன் செல் போடுற சாவிக்கொத்து லைட், விரல்ல மாட்டுற லைட் எல்லாம் வேணவே வேணாம். அந்தக் காசு மாதிரி செல்லை முழுங்கி தொண்டையில மாட்டிக்கிச்சுன்னா ரெண்டு மணி நேரத்துலயே உணவுக்குழாயைப் புண்ணாக்கிடும், முழுங்கிருக்குமோன்னு சந்தேகம் வந்தாலே ஆஸ்பத்திரிக்கு ஓடுங்க, வாந்தி எடுக்க வைக்காதீங்க. ஏஏ, இல்ல ஏஏஏ செல் போடுறதே நல்லது.

வெளிச்சம் 20, 30 லூமென் போதும். ஜூம், பிளிங்க்னு வர்ற பெரியவங்க டார்ச் வேணாம், குழந்தை அதைத் தன் தம்பி கண்ணுலயே அடிச்சுப் பாக்கும், லேசர் சேர்ந்து வர்றதைத் தொடவே தொடாதீங்க.

எப்படியும் தினம் பத்து வாட்டி கீழ போடும், அதனால கண்ணாடி மூஞ்சி இல்லாம கெட்டி பிளாஸ்டிக், சுத்தி ரப்பர் இருக்கறதா எடுங்க, ஐபிஎக்ஸ்4னு (தண்ணியை எவ்ளோ தாங்கும்னு சொல்ற குறி) போட்டிருந்தா தண்ணி தெறிச்சாலும் தாங்கும், ஆனா பக்கெட்ல முக்கினா தாங்காது (நம்மாளு முக்கிட்டான்). சுவிட்சை அதோட கட்டை விரலாலயே அமுக்க முடியுதான்னு கடையிலயே குடுத்துப் பாருங்க. கழுத்துல மாட்டுற கயிறு இருந்தா கழட்டிடுங்க. ரொம்ப நாள் யூஸ் பண்ணலேன்னா செல்லை வெளிய எடுத்து வைங்க, கசிஞ்சு ஸ்பிரிங் துருப்பிடிச்சிடும்.